நீலப் பொடி கறுத்த நாற்பது நிமிடம்

அன்பு மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கோபத்தில் இருக்கிறவள் நலம் என்று எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். ஏற்கெனவே நம் வீட்டில் பொய் போதுமான அளவு இருக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் "அம்மா, மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் பையில் போட்டாலும் உன்னோடு கூடவே வரும். அதனால்தான் இந்த வயதில், முழங்கால் வலியோடு, மெர்சி டீச்சர் வீட்டில் நோட்டுத்தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறுமையாக முழுவதும் படி.

நீ அனுப்பிய ஆராய்ச்சிப் புத்தகம் வந்து சேர்ந்தது. மெரூன் அட்டை, தங்க எழுத்து, உன் பெயர். உங்கப்பா அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நானும் இரண்டு நாள் அந்தப் பெருமையில்தான் இருந்தேன். மூன்றாம் நாள்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன லட்சணம் என்று தோன்றி, மெர்சி டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள், வரிக்கு வரி தமிழில் சொன்னாள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.

நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது. நம் சாணக் குழியிலிருந்து வருவதும், குப்பைமேட்டிலிருந்து கிளம்புவதும் மீத்தேன். அது பிடிவாதமான வாயு, லேசில் எதோடும் சேராது. சேரவைக்க வேண்டுமென்றால் சூடு காட்ட வேண்டும். ஆனால் சேர ஆரம்பித்துவிட்டால் நிற்காது, முழுசாக எரிந்து புகையாகத்தான் போகும். பாதி வழியில் நிறுத்தினால் மெத்தனால் என்கிற திரவம் கிடைக்கும். அதைக் கேனில் பிடித்து வண்டிக்கும் இன்ஜினுக்கும் கொண்டுபோகலாம். அந்தப் பாதி வழியில் நிறுத்துகிற பொடியைத்தான் நீ செய்கிறாய். வினையூக்கி என்று பெயர் சொன்னாய். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த மணல் மாதிரி ஒன்று, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் துளித்துளியாய்ச் செம்பு. பால் பொங்கி மேலே வருகிற அந்தக் கணத்தில் இறக்குகிற வேலை என்று நான் சொன்னபோது, "அம்மா, எங்க புரொபசருக்கு இம்புட்டு அழகா சொல்லத் தெரியாது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். உலக்கைப் பூண் அளவுக்கு ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றிச் சூடேற்றுகிற கம்பி, மெத்தனால் எவ்வளவு வருகிறது என்று எண் ஓடுகிற ஒரு பெட்டி, எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து என் அடுப்பங்கரையில் கடை பரப்பினாய். குழாய்க்குள் வெளிர் நீலத்தில் பொடி. சாணக் குழியிலிருந்து அடுப்புக்குப் போகிற கேஸ் குழாயை அதில் மாட்டிவிட்டாய். நான் வாசப்படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியில் எண் ஏறியது. "வருதும்மா, வருதும்மா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய், நார் அறுந்துபோனது. உங்கப்பாவைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னாய். நான் எட்டு முழம் கட்டி முடிப்பதற்குள் எண் இறங்க ஆரம்பித்தது. பத்தாவது முழத்தில் பூஜ்யம். நாற்பது நிமிடம். குழாயை ஆறவைத்துப் பொடியைத் தட்டினாய். நீலமாகப் போனது கரிக்கலராக வந்தது. அதைக் காலியான தைலப் பாட்டிலில் போட்டு, "இதைத் தூரப் போட்டுரும்மா" என்று கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய்.

ஏன் கறுத்தது என்று மறுநாள் நான் கேட்டேன். கேஸில் கந்தகம் இருக்கிறது, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே அதுதான், அது செம்பைப் பிடித்துக்கொண்டது என்று சொன்னாய். எனக்கு வந்த எரிச்சலை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இந்த வீட்டில் கேஸ் அடுப்பு வந்த நாளிலிருந்து என் செப்புக் குடம் அடுப்பங்கரையில் இருக்கிறதா? பின்வாசலில் குளியலறைப் பக்கம் அல்லவா கிடக்கிறது? எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் நாலே நாளில் கறுத்துப்போகிறது என்றுதானே வெளியே வைத்தேன்? அந்தக் குடத்தில்தான் தண்ணீர் மோந்து குளித்துவிட்டு பெங்களூருக்குப் போய் ஒன்பது வருஷம் செம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறாய். ஏம்மா குடத்தை வெளியே போட்டிருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வாயில் முத்தா உதிர்ந்திருக்கும்? அங்கே உனக்குச் சிலிண்டரில் சுத்தமான வாயு வருகிறது. ஊரில் மாட்டிலிருந்துதான் வரும். இது தெரிய ஆராய்ச்சி வேண்டாம், மூக்கு இருந்தால் போதும்.

சரி, தோற்றுப்போனது. தோற்றதற்கு நான் கோபப்படவில்லை. உன் புத்தகத்தில் ஐந்தாவது அத்தியாயத்தில் மெர்சி படித்த வரிக்குத்தான் கோபம். கிராமத்து வீட்டுச் சாண வாயுவிலும் இந்தப் பொடி வேலை செய்வதை நேரில் கண்டோம் என்று எழுதியிருக்கிறாய். உங்கப்பா எடுத்த படம் இருக்கிறது, எண் ஏறி நிற்கிற படம். நாற்பது நிமிடம் எங்கே? கரி எங்கே? மெர்சியை மறுபடி மறுபடி தேடச் சொன்னேன். "இல்லைங்கம்மா" என்றாள். போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "அம்மா, அது பொய் இல்லம்மா. வேலை செஞ்சது, கண்டோம். பெருசா செய்யும்போது கந்தகத்தைச் சரிபண்ணிக்குவோம். ஆராய்ச்சியில இப்படித்தான் எழுதுவாங்க." ஏலே அப்பு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கே தெரிகிறது, சொன்னது பொய்யில்லை, சொல்லாமல் விட்டதுதான் பொய்.

உன் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு புதுக் கம்பெனி உன்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு ஒரு ஊர் வேண்டும், நீ நம் ஊரைச் சொன்னாய். ஆறு வீடு பெரிய குழி வெட்டினால் நடுவில் ஒரு இயந்திரம் வைப்பார்கள், நீயே பேசு அம்மா, உன் பேச்சைக் கேட்பார்கள் என்றாய். நான்தான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "எம் மகன் செஞ்ச சாமான், நம்பி எறங்குங்க" என்றேன். செல்வி அத்தை வீட்டுப் பின்னால் அந்த எலுமிச்சை இருந்ததே, நீ பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பழம் பறித்துக் கையில் கொடுப்பாளே, அதை வெட்டித்தான் குழிக்கு இடம் பண்ணியிருக்கிறாள். காய்ப்பு நின்ற மரமில்லை, பூவும் பிஞ்சுமாக நின்ற மரம். அடுத்து முருங்கையையும் எடுக்க வேண்டும் என்று கயிறு கட்டி வைத்திருந்தாள். உன் ஐந்தாவது அத்தியாயத்தை நான் கேட்டது அதற்கு மறுநாள். மாசக் கடைசியில் நீ கம்பெனிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாய். பெருசா செய்யும்போது சரிபண்ணிக்குவோம் என்று அந்த வெட்டின அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் சொல்ல உனக்கு வாய் வருமா?

இதுவரை உன்னைத் திட்டினேன். இனி என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும், அது இன்னும் கஷ்டம். உன் புத்தகத்தின் முன்னுரையையும் மெர்சி படித்தாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் மோசமாகக் கட்டப்பட்ட ஒரு சாண எரிவாயுக் குழி செயலிழந்தது, அப்போதுதான் இந்த வாயுவின் மீது எனக்கு ஆர்வம் பிறந்தது என்று எழுதியிருக்கிறாய். மெர்சி அழகாக இருக்கிறது என்றாள். அந்தக் குழி மோசமாகக் கட்டப்படவில்லை. அது நான் உனக்குச் சொன்ன பொய். அச்சாகி, தங்க எழுத்து அட்டை போட்டு, என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

நடந்தது இதுதான். அந்த வருஷம் மல்லிகை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் கேட்பார் இல்லை. நம் இரண்டு மூட்டையையும் வேன்காரர் மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மொட்டுப் புழுவுக்காக முந்தின சாயங்காலம்தான் மருந்து அடித்திருந்தேன். அதை யோசிக்கவில்லை. சாணம் கேஸாகும்போது பூ ஆகாதா, அடுப்பும் மணக்கும் என்று ஒரு கிறுக்கு எண்ணம். இரண்டு மூட்டையையும் கரைத்துக் குழிக்குள் ஊற்றினேன். குழிக்குள் கேஸ் உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று இப்போது நீ சொல்லித்தான் தெரியும். மூன்றே நாளில் எல்லாவற்றையும் கொன்றுவிட்டேன். அடுப்பு அணைந்தது. மானியம் கொடுத்த ஆபீஸிலிருந்து பார்க்க வந்த ஆள் என்ன ஆச்சு என்று கேட்டார். கிறுக்குத்தனம் செய்தேன் என்று சொல்ல வெட்கம். "மேஸ்திரி பூசுனது சரியில்ல போல" என்று சொன்னேன். ஒரே ஒரு வரி. கட்டினவர் சவரிமுத்து மேஸ்திரி. நம் பக்கத்தில் அவர் கட்டிய முதல் குழி அது. குழியைக் காலிபண்ணி மறுபூச்சுப் பூசி, புதுச் சாணம் போட்டதும் கேஸ் மறுபடி வந்தது, பூச்சுதான் காரணம் என்று அந்த வரி தெருவெல்லாம் போய்விட்டது. அதன்பிறகு ஒருத்தரும் அவரைக் குழி கட்டக் கூப்பிடவில்லை, வீடு கட்டவும் யோசித்தார்கள். அவர் கேரளாவுக்குப் போய்க் கல் சுமந்தார்.

நான் இதை மறந்துவிட்டு இருந்தேன் என்று நினைக்காதே. வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் நின்று சொல்லியிருக்கிறேன். பங்குச் சாமியார்கள் மாறி மாறி வந்தார்கள், ஒவ்வொருவரும் மூன்று முறை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்லி மன்னித்தார்கள். நானும் மனசு லேசாகி வீட்டுக்கு வந்து சமைத்தேன். எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. சவரிமுத்து மேஸ்திரியிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அரைப் பரீட்சையில் நீ வேதியியலில் பெயில் ஆனாய். தாடிக்கொம்பிலிருந்து உன் பெரியப்பா வந்து மார்க் கேட்டபோது நான் முந்திக்கொண்டு, "காச்சல்ல எழுதுனான், பாவம்" என்றேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்று இருமினாய். இருமல் நன்றாகவே வந்தது. தோற்றால் மறைத்துவிட வேண்டும், மறைக்கவும் அம்மா துணை நிற்பாள் என்று அன்றைக்கு நான் கற்றுக்கொடுத்தேன். ஐந்தாவது அத்தியாயத்தை உனக்கு எந்தப் புரொபசரும் சொல்லித்தரவில்லை, நான்தான் சொல்லித்தந்தேன். அதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல் திரும்பிவிடுகிறது. பாதிதான். மீதி உனக்கு.

போன வாரம் பஸ் ஏறி ஆத்தூருக்குப் போனேன். மேஸ்திரி இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பேரனின் உடைந்த சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வா தாயி, காப்பி குடிக்கிறியா?" என்றார். காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். பூ, மருந்து, ஆபீஸ் ஆள், எல்லாம். சாமியார்களிடம் சொன்னதையும் சொன்னேன், அதற்கும் ஏதோ மதிப்பு உண்டு என்று நினைத்து. அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவே இல்லை. "சாமிக்கு அது முன்னாடியே தெரியுமே தாயி. தெரியாம இருந்தது நான்ல?" என்றார். நான் அழுதேன். அதற்கு அவர் இரங்கவில்லை, இரங்க வேண்டிய அவசியமும் இல்லை. "ஒங்க குழியில நான் எங்க தப்பு விட்டேன்னு எத்தனை வருசம் மனசுக்குள்ள அந்தச் செவுத்தையே தடவித் தடவிப் பாத்தேன் தெரியுமா? எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. ஒங்க தெருவுல சொல்லு" என்றார். காப்பி வந்தது. அதைக் குடிக்காமல் போகக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவ்வளவு கசந்த காப்பி குடித்ததில்லை, சீனி போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நம் அன்பியக் கூட்டம் செல்வி வீட்டில். தெரு வீடுகளெல்லாம் சேர்ந்து ஜெபம் சொல்கிற கூட்டம், நீ சுண்டலுக்காக வருவாயே, அதுதான். குழி வெட்டச் சம்மதித்த ஆறு வீடும் அங்கே இருந்தது. ஜெபம் முடிந்து சுண்டல் எடுக்கப் போனவர்களை உட்காரச் சொல்லி, மேஸ்திரி கட்டினது நல்ல குழி, கெடுத்தது நான் என்று சொன்னேன். உங்கப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். மனிதர் தன் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். செல்விதான் கேட்டாள். "அப்ப ஒங்க மகன் பொடி கதை என்னக்கா? அதுலயும் இப்படி ஏதாச்சும் இருக்கா?" அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. நாற்பது நிமிடம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "முருங்கையில கை வைக்காத செல்வி, குழியில கல்லும் எறக்காத. எம் மகன் வந்து அவன் வாயால சொல்லுவான்" என்றேன். உனக்காக நான் இனி முந்திக்கொண்டு எதையும் சொல்ல மாட்டேன். காய்ச்சல் என்றும் சொல்ல மாட்டேன்.

உன் வேலையை நான் மட்டம் தட்டவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் நீ என் தோளை உலுக்கினாயே, உன்னைப் பெற்றதற்கு அவ்வளவு சந்தோஷம் நான் வேறெப்போதும் பட்டதில்லை. அந்தப் பொடி சாகாமல் இருக்க வேண்டும் என்று உன்னைவிட நான் வேண்டிக்கொள்கிறேன். உங்கப்பா திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலிருந்து ஒரு டின் நிறைய அரம் போட்ட இரும்புத் தூள் வாங்கி வந்திருக்கிறார். துருப்பிடித்த இரும்பு கந்தகத்தை வாங்கிக்கொள்ளும் என்று நீதான் எப்போதோ சொன்னாயாம், அவருக்கு நினைவிருக்கிறது. நனைத்துத் துருவேற்றி, கேஸ் வருகிற வழியில் அடைத்து, அடுப்புக்கு மேலே ஒரு செப்புக் கரண்டியைத் தொங்கவிட்டிருக்கிறோம். பத்து நாள் ஆகிறது, ஓரத்தில் லேசாகத்தான் மங்கியிருக்கிறது. அந்தத் தூளை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், யார் மாற்றுவார்கள், உன் பொடிக்கு அது போதுமா, எனக்குத் தெரியாது. நீ வந்து பார். ஆனால் முதலில் நாற்பது நிமிடத்தை எழுது. புத்தகம் அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லாதே. திருத்தம் என்று ஒரு தாளை ஒட்ட உங்கள் பல்கலைக்கழகத்தில் பசை இல்லையா? ஒட்டும்போது முன்னுரையிலும் ஒன்று ஒட்டு. குழியைக் கட்டியவர் சவரிமுத்து, நன்றாகக் கட்டினார் என்று. உன் வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தால், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் செய்.

அடுத்த அன்பியக் கூட்டம் நம் வீட்டில், இந்த மாசக் கடைசி சனிக்கிழமை. கம்பெனிக்காரர்களுக்கு ஒரு நாள் முன்னாடி நீ மட்டும் வா. நீ தூரப் போடச் சொன்ன தைலப் பாட்டிலை நான் போடவில்லை, மாதாவுக்குப் பக்கத்தில் உன் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. கூட்டத்தில் மேசைமேல் வைப்பேன். செல்வி முன்வரிசையில்தான் உட்காருவாள். மேஸ்திரியையும் போனில் கூப்பிட்டிருக்கிறேன், அந்தக் குழியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். போனை வைக்கும் முன்னால் அவர் ஒன்றுதான் கேட்டார், "ஒம் மகன் வருவானா தாயி?" என்று. வருவான் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனிதரைப் பற்றி ஒரு பொய் சொன்னது போதும், அவரிடமே இன்னொரு பொய் சொன்னவளாக என்னை ஆக்கிவிடாதே.

உன் அம்மா